மஞ்சள் கடுதாசியும் ஞானத்தாயும்

டொரன்டோவில் திவால் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு மிட்டாய் தருகிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். அலுவலக மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய், பக்கத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு நீல நிறத் துண்டறிக்கை. கார் போய்விடுமா? கட்டில், மேசையைத் தூக்கிக்கொண்டு போவார்களா? முதலாளிக்குத் தெரியவருமா? எல்லாவற்றுக்கும், தடுப்பூசியைப் பற்றிச் சொல்வதுபோல இதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மணப்பாட்டில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்கள் கோயிலில் முதல் பூசையை முடித்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் விடியுமுன்னே வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

நான் சூதாடவில்லை, நகை வாங்கிக் குவிக்கவும் இல்லை. முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிறவள். என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கையெழுத்து. மெர்சியும் நானும் ஊரில் ஒரே தெரு. இங்கேயும் ஒரே கட்டடம். அவள் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள். எங்கள் கடற்கரையில் அந்த உறவு வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் இடையே பகை கூடாது, கேட்டதற்கு இல்லையென்று சொல்லவும் கூடாது. உணவகம் திறக்க வங்கிக் கடன் வாங்கியபோது, என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னாள். தாளைப் படிக்க எடுத்தேன்.

"என்னளா, படிச்சுப் பாத்துத்தான் போடுவியா? எம் பிள்ளைக்கு நீ யாரு?" என்றாள்.

வெட்கிப்போய்ப் படிக்காமலே போட்டேன். என்ன உறவு என்று வங்கி அதிகாரி கேட்டார். நான் விளக்கி முடித்ததும், சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவள் என்று புரிந்துகொண்டு தலையாட்டினார்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை, உணவகத்தில் பூட்டு தொங்கியது. மெர்சியின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டது. கடன் முழுவதும் என் தலையில் விடிந்தது. போன மாதம் உறவுக்காரி ஒருத்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் பார்த்தேன். ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிரே மெர்சியின் புது மாடி வீடு, வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார், பக்கத்தில் பட்டுச்சேலையில் என் அம்மா.

அம்மாவைக் கூப்பிட்டு, "நீயும் போனியாம்மா?" என்று கேட்டேன்.

"எதுத்த வீட்டுக்காரி கூப்பிட்டா போகாம எப்பிடி? தெனமும் மூஞ்சில முழிக்கணும்லா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏளா, அங்கன எழுதிக் குடுக்கியே, அதுல அவ பேர எழுதிராத. அந்தப் பிள்ளைய நெனச்சுப் பாரு" என்றாள்.

என்னை யார் நினைத்துப் பார்த்தார்கள்? மெர்சி ஏமாற்றியதைவிட, பெற்றவள் அந்த வீட்டில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டதுதான் வயிற்றெரிச்சல்.

'உங்களுக்குப் பணம் தரவேண்டியவர் யாரேனும் உண்டா?' என்று மனுவில் ஒரு கேள்வி. மறைத்தால் குற்றம் என்று துண்டறிக்கை சொல்கிறது. எழுதினால் அம்மா எனக்கு முகம் கொடுப்பாளா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனாலும் மெர்சியின் பெயரையும் முகவரியையும் எழுதினேன்.

சரிபார்த்த பெண் தாளை என் பக்கம் திருப்பினாள். வெளிநாட்டுச் சொத்து என்ற கட்டத்தில், அப்பா விட்டுப்போன வீட்டில் என் பங்கைக் காட்டியிருந்தேன். "இரண்டு இடத்திலும் உங்கள் வீட்டு முகவரியையே எழுதிவிட்டீர்கள்" என்றாள். ஊர் ஒன்று, தெரு ஒன்று, கதவு எண் மட்டும் வேறு.

"தவறில்லை. எதிர் வீடு" என்றேன்.

"அப்படியா? ஊருக்குப் போகும்போது பார்த்துப் பேச வசதிதான்" என்று சிரித்து, மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். இனி நான் ஊருக்குப் போனால், அம்மா கதவைத் திறக்கும்வரை அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். அவள் திறப்பாளா என்று தெரியவில்லை.