ஈஸ்ட் மாத்திரையைக் குறை சொன்னவர்

மத்திகிரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்த ஒருவரை அவர் மனைவி தினமும் மருந்தகத்துக்குக் கூட்டிவருவார். நெடிய மனிதர். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். கையை நீட்டி மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, மனைவி "வாங்க" என்று சொல்லும்வரை நின்ற இடத்திலேயே நிற்பார்.

யாரும் இல்லாதபோதும் அவர் காதில் ஓயாமல் கேட்ட குரல்களை, பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மாத்திரை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"சத்தம் நின்னுடுச்சுங்க. ஆனா இவரு பேச்சும் நின்னுடுச்சே. பசிக்குதான்னு கேட்டாக்கூட சும்மா பாக்கறாரு" என்றார் அந்த அம்மா.

எங்கள் டாக்டர் சத்துக்காக ஈஸ்ட் மாத்திரையைச் சேர்த்தார். தினமும் ஏதாவது ஒரு வேலை கொடுக்கவும் சொன்னார். வீட்டுக் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டுவது அவர் பொறுப்பாயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், ஈஸ்ட் மாத்திரையை வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"ஒரே நாத்தமுங்க இது. நீங்க தின்னு பாத்தீங்களா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணெல்லாம் நீர். நானும் ஒன்றை மென்று பார்த்தேன்.

"ஆமாங்க, நாத்தந்தான்" என்றேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

எது அவர் வாயைத் திறந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. மறுநாள் அவர், குடிக்கக் கொடுத்த தண்ணீர் சுடுகிறது என்று கோபித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.