புட்டு ஆவியும் மேல் வீட்டுச் சுவரும்

கலியாண மண்டபத்திலோ கோயில் அன்னதான வரிசையிலோ என்னைக் கண்டால், புதிதாக ஒரு பழைய வீட்டை வாங்கியவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அண்ணை, சுவருக்கு இன்சுலேஷன் போட்டாப் பிரயோசனம் இருக்கோ?"

எனக்கு நாக்குத் துறுதுறுக்கும். முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு யன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் சுவர் என்று தொடங்குவேன். கெபெக்கில் நாங்கள் இருக்கும் வில்லரே பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரில் குளிர் தடுக்கும் பஞ்சை ஊதி நிரப்ப இடைவெளி கிடையாது. வெளியே செங்கல், உள்ளே தடித்த பலகை, அதன்மேல் சாந்து, அவ்வளவுதான். ஆகவே உள்பக்கச் சாந்தை உடைத்துத்தான் போடவேண்டும், அறையில் ஒரு சாண் குறையும், ஒரு மாதத்துக்குச் சோற்றிலும் தூசி இருக்கும், ஆனாலும் செய்யத்தான் வேண்டும் என்று முடிப்பேன். "நான் என்ர வீட்டில ரெண்டு தரம் செய்விச்சனான்" என்று ஒரு பெருமையும் சேர்த்துக்கொள்வேன்.

ஒரே வீட்டுக்கு ஏன் இரண்டு தரம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நாங்கள் அந்த வீட்டை வாங்கினோம். கீழே நானும் மனைவியும். மேலே தனி வீடு. வெளியே இரும்புப் படியேறிப் போகவேண்டும். அதை வாடகைக்கு விட்டிருந்தோம். முதல் பனிக்காலம் எங்களைச் சப்பித் துப்பியது. ஹீட்டர் நாள் முழுக்க எரிந்தாலும் கட்டிலருகே சுவர் ஐஸ்பெட்டிக் கதவுபோல இருந்தது. விடியற்காலையில் சுவர் வியர்த்து, தலையணை உறை நனைந்து கிடக்கும். மனைவி இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, "திருகோணமலையில வீடில்லாமல் இருந்தம், குளிரேல்லை. இஞ்ச சொந்த வீட்டில விறைக்கிறம்" என்றாள்.

அடுத்த கோடையில் வீடு திருத்தும் ஒருவரைக் கூட்டிவந்தேன். வயதான கெபெக்காரர், சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார். கீழ் வீட்டுச் சுவர்களை உரித்து, சட்டம் அடித்து, நுரைப்பலகை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்து, புதுச் சுவர் போட்டுத் தந்தார். தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும் என்பார்கள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்த அன்று அவரிடம் கேட்டேன்: "மேல் வீட்டுக்கும் போட்டால் பிரயோசனம் இருக்குமா?"

"மேலே ஹீட்டர் கரண்டுக்கு யார் கட்டுவது?" என்றார்.

"அவர்கள்தான்."

"அப்படியென்றால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை."

'உங்களுக்கு' என்ற சொல்லை அவர் அழுத்தித்தான் சொன்னார். நான் அதைக் காதில் வாங்காமல், 'பிரயோசனம் இல்லை' என்பதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதே கோடையில் மேல் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. மட்டக்களப்புப் பக்கம். அவன் ஒரு பெரிய சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அவள் வீட்டோடு. நான்கு வயதில் ஒரு பெண்பிள்ளை. மட்டக்களப்புக்குப் போனவரை வசியம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லி நான் அவர்களைச் சீண்டினேன். "இப்ப நாங்களெல்லோ உங்கட வீட்டில ஒட்டியிருக்கிறம் அண்ணை" என்று அவள் சிரித்தாள். சாமான் ஏற்றிய களைப்போடு அன்றே புட்டு அவித்து, முட்டைப்பொரியலும் வைத்துக் கீழே கொடுத்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ஒரு நாள் கதவைத் தட்டினாள்.

"அண்ணை, பிள்ளையின்ர அறைச் சுவர் கறுக்குது. ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?"

போனேன். பிள்ளையின் கட்டில் பின்சந்துப் பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கட்டிலை இழுத்தால், கீழ் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தொட்டால் சுவர் ஈரம். அது எனக்குத் தெரிந்த ஈரம்தான்; முந்தின பனிக்காலம் முழுக்க அதோடுதான் படுத்தெழும்பினேன். பெரிய கறுப்புத் திட்டு ஒன்றுக்குப் பிள்ளை பென்சிலால் தும்பிக்கையும் நாலு காலும் வரைந்து யானையாக்கி வைத்திருந்தாள். ஆனை பார்க்க வெள்ளெழுத்தா என்பார்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் நடந்தது. நான் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளையைச் சுவரில கிறுக்க விடாதேங்கோ."

அப்போது குசினியிலிருந்து புட்டு வாசம் வந்தது. எனக்குப் பிடிகொம்பு கிடைத்துவிட்டது.

"தங்கச்சி, விடியவும் பின்னேரமும் புட்டு அவிச்சா அந்த ஆவியெல்லாம் எங்க போறது? குளிர்ச் சுவரில போய் இருக்கும். அவிக்கேக்க யன்னலைத் திறந்து விடுங்கோ. இந்த நாட்டில வீடு வச்சிருக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி அண்ணை" என்றாள். நான் ஒரு போத்தல் பிளீச்சும் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெரிய உபகாரம் செய்தவன்போல. அன்று பின்னேரம் வேலையால் வந்த கையோடு அவன் கீழே இறங்கிவந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, இனிக் கவனமா இருப்பம்" என்றான். நானும் மன்னித்தேன்! அந்த நினைவு வரும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு அவர்களுடைய குசினி யன்னல் திறந்தே கிடந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பின்வளவில் பனி அள்ளும்போது அண்ணாந்து பார்ப்பேன். திறந்திருந்தால் மனதுக்குள் ஒரு திருப்தி. அந்தக் குளிரில் யன்னலைத் திறந்தால் வீடு இன்னும் விறைக்கும், சுவர் இன்னும் வியர்க்கும், பூஞ்சணம் இன்னும் ஏறும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியல்ல. தை மாதத்தில் பிள்ளை இருமத் தொடங்கினாள். எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலேதான் அவளுடைய அறை. இருமல் கீழே கேட்கும். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

ஒரு நாள் மனைவி அடுப்படியில் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"நானும் தினம் புட்டுத்தானே அவிக்கிறன். எங்கட சுவர் ஏன் கறுக்கேல்லை?"

நான் எழும்பப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"பார்க் எக்ஸ்டென்ஷனில எங்கட முதல் வாடகை வீட்டுச் சொந்தக்காரன் என்ன சொன்னவன்? உங்கட கறியால என்ர சுவர் பழுதாப் போகுதெண்டு. அவனை நீங்கள் திட்டாத திட்டில்லை. இருபது பேருக்குச் சொல்லித் திரிஞ்சனீங்கள்."

"வாயைப் பொத்து" என்றேன்.

வாயைப் பொத்தவேண்டியவன் நான்தான். எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகும் பனிக்காலம் மூன்று மாதம் மிச்சம் இருந்தது. அந்த மூன்று மாதமும் நான் மேலே போகவில்லை. அவளைப் படியில் கண்டால், மறந்துபோன சாமானை எடுக்கத் திரும்புகிறவன்போல உள்ளே போய்விடுவேன்.

யூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், அவர்களும் செயின்ட்-மிஷேல் பக்கம் மாறிப் போனார்கள். சண்டையில்லை, முறைப்பாடில்லை. வீட்டுத் திறப்பைத் தந்தபோது அவன், "சுவருக்குப் பெயின்ற் அடிச்சிட்டம் அண்ணை" என்றான். போய்ப் பார்த்தேன். பிள்ளையின் அறைச் சுவர் வெள்ளைவெளேர் என்றிருந்தது. என் வீட்டு அழுக்கை அவர்கள் தங்கள் கையால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பெயின்றுக்கு அடியில் தும்பிக்கை மெல்லத் தெரிந்தது.

இரண்டு கிழமைக்குள் கறுப்பு மறுபடி வெளியே வந்தது. அப்போது அங்கே அவித்த புட்டும் இல்லை, ஆவியும் இல்லை, ஆளும் இல்லை.

அதே கெபெக்காரரைக் கூப்பிட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூலையில் சாந்தை உடைத்ததும், கை காட்டிப் பார்க்கச் சொன்னார். ஈரத்தில் ஊறிய பலகை. இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடுக்கு. அதில் கையை வைத்தேன். ஆடி மாத வெக்கையிலும் வெளிக்காற்று விரலில் பட்டது. அந்தக் காற்றுக்கு நேரேதான் பிள்ளையின் தலையணை கிடந்தது. நான் கட்டிலில்லாத அந்த அறையில், தூசிக்குள்ளேயே குந்திவிட்டேன்.

மேல் வீட்டுக்கும் இன்சுலேஷன் போட்டாயிற்று. அடுத்த பனிக்காலம் புதிதாக வந்தவர்கள் நாள் முழுக்கச் சமைத்தார்கள். சுவர் காய்ந்த உள்ளங்கைபோல இருந்தது.

அந்தத் தை மாதம் பழைய குடும்பத்துக்கு ஒரு கடிதம் எங்கள் விலாசத்துக்கு வந்தது. தபாலில் திருப்பிவிடலாம் என்றேன்.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள் மனைவி. "குடுத்திட்டு, சொல்லவேண்டியதையும் சொல்லிப்போட்டு வாங்கோ."

போனேன். புதிய கட்டடம், நல்ல சூடான வீடு. அவள் என்னைக் கண்டதும், "வாங்கோ அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்" என்று வழக்கம்போல உபசரித்தாள். கேத்தலை அடுப்பில் வைத்தாள். வைத்த கையோடு போய் யன்னலை ஒரு சாண் திறந்தாள். பனிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த பிள்ளை, ஒருவரும் சொல்லாமலே கதிரையில் கிடந்த சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கீறத் தொடங்கினாள்.



"தங்கச்சி, அந்த யன்னலைப் பூட்டுங்கோ."

"இல்லையண்ணை, ஆவி சுவரில பிடிச்சிடும்."

"ஆவியில்லை தங்கச்சி. என்ர சுவர்தான் பிழை. உள்ளுக்க ஒண்டுமே இருக்கேல்லை. கழட்டிப் பாத்தனான். கழட்ட முதலே எனக்குத் தெரியும்."

அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் தெரியும் அண்ணை. கீழ அக்காவும் புட்டுத்தானே அவிக்கிறவ. வாசம் மேல வரும்."

"பேந்து ஏன் யன்னலைத் திறந்தனீங்கள்?"

"வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாச் செய்யத்தானே வேணும். அந்தப் பனிக்குள்ள பிள்ளையையும் கொண்டு எங்க போறது? இப்ப கை பழகிப்போச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணை" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குக் குளிருது போல" என்று சொல்லிப் போய் யன்னலைப் பூட்டினாள். பிள்ளை மட்டும் சுவெட்டரைக் கழற்றவில்லை. கேத்தல் கொதித்து முடியும்வரை கழற்றவில்லை.