கல்யாண மண்டபத்தில் நான் எழுதிய பட்டியல்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? நான் 'ஆம்' என்று குறித்தேன். பின்னால் நின்ற அப்பா, "எதுக்கும்மா நீயே போய் மாட்டிக்கிற? ஊருல பாதிப்பேர் மேல கேஸ் இருக்கு" என்றார்.

பாதிப்பேர் அல்ல, முப்பத்தொரு பேர். பட்டியலை எழுதியவளே நான்தான்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்றங்கால் காய்ந்த ஆண்டு அது. அதிராம்பட்டினம் போகும் சாலையில் உட்கார்ந்து மறித்தோம். வழக்கம்போல போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்பதால் யாருக்கும் பயமில்லை. மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவது என்றுதான் சண்டை. பெயர் எழுத வந்த பெண் போலீஸ் ஒவ்வொரு பெயரையும் தப்பாக எழுத, எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்துத் திருத்தினேன்.

"நீயே எழுதிக் குடுத்துடேன் பாப்பா. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு."

நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் இன்ஜினியரிங் படித்தவள். வெறும் தாளைப் பார்த்தால் கோடு போடத் தோன்றும். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், கதவு எண். யாரும் கேட்காமலே ஐந்தாவதாக ஒரு கட்டம்: குறிப்பு.

பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த தெரு அண்ணன் தண்ணீர் கேன்களை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். குவைத்தில் கிரேன் ஓட்டுபவர், விடுப்பில் வந்திருந்தார். மறியல் நடந்த பக்கமே அவர் வரவில்லை. "அண்ணே, உங்க பேரையும் எழுதிட்டேன். சாப்பிட்டுப் போங்க" என்று நான்தான் கூப்பிட்டேன். மேலே இரண்டாவது வரி தவறி விட்டுப்போய்க் காலியாக இருந்தது. அதில் அவர் பெயர். குறிப்பில், 'தண்ணீர் கேன் கொண்டு வந்தவர்'. கடைசி வரியில் என் பெயர்.

இப்படிப்பட்ட வழக்குகள் தானாகக் கரைந்துவிடும். இது கரையவில்லை. இரண்டே மாதத்தில் வந்த குற்றப்பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசையில் அவர் இரண்டாவது எதிரி: கூட்டத்துக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்துப் போராட்டத்தை நடத்தியவர். என் ஐந்தாவது கட்டம்தான் அதற்கு ஆதாரம்.

அவருக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. இரண்டுக்கும் கோர்ட் அனுமதி தேவை. விடுப்பில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குவைத் திரும்பாவிட்டால் அவர் விசா செத்துவிடும்.

ஒரே நாளில் இருவர் மனுக்களும் விசாரணைக்கு வந்தன. எனக்கு ஓராண்டு பாஸ்போர்ட் எடுக்க அனுமதி கிடைத்தது. அவர் மனுவுக்குப் போலீஸ் தரப்பு ஆட்சேபம் சொன்னது. வாய்தா.

வெளியே வந்ததும் வக்கீலிடம், "சார், அந்தக் குறிப்பை எழுதினது நான். உள்ள போய் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சொன்னா அவருக்கு நல்லதுதான். ஆனா லிஸ்ட்டே நீ எழுதினன்னா நீயும் முன்ன நின்னவன்னு ஆயிடும். உன் ஆர்டரையே மறுபடி பாக்கணும்பாங்க. நீ யோசிச்சுக்கம்மா."

யோசித்தேன். தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியும் பார்த்தேன். சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த லிஸ்ட்ல உங்க பேரை எழுதினது நான்தான். குறிப்பும் நான்தான்."

"தெரியுமே. நீதானே கூப்பிட்டுச் சோறு போட்ட." சிரித்தார். "அந்தச் சோத்துல உப்பாவது இருந்துச்சா? இல்ல."

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி திரும்பாமலே கேட்டார். "இதைக் கோர்ட்ல சொன்னியா?"

"இல்ல அண்ணி."

அண்ணன் மண்வெட்டியைத் தரையில் தட்டிப் பார்த்தார். அண்ணி அடுத்த துணியை உதறினார். காபி குடிக்கிறாயா என்று எப்போதும் கேட்பவர், அன்று கேட்கவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் அதிகாரி ஒரு நிமிடம்கூட என்னைப் பார்க்கவில்லை. கோர்ட் உத்தரவின் நகல்கள் மூன்று கையில் வைத்திருந்தேன். ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. நான்காவது மாதம் அம்மா போனில் சொன்னாள், அண்ணன் விசா முடிந்துவிட்டது, முக்கால் ஏக்கர்கூடத் தேறாத இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார் என்று.

என் பாஸ்போர்ட்டும் முடியப்போகிறது. புதுப்பிக்க மறுபடி அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். நேற்று வக்கீலைக் கூப்பிட்டு, அண்ணனின் அடுத்த வாய்தாவுக்கு நான் வருகிறேன், பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

"அவருக்கு குவைத் வேலை திரும்பாதும்மா. கேஸ்லேர்ந்து பேரு வேணா போகலாம். ஆனா நீ அப்புறம் திரும்பிப் போறது கஷ்டம்."

"தெரியும் சார்."

ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைப் பட்டியலிட உட்கார்ந்தேன். முதல் வரியில் கோர்ட் உத்தரவு. அதற்குமேல் எழுத வரவில்லை. அண்ணிக்கு வாய்தா தேதியை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். இன்னும் பதில் இல்லை.