மூன்றாம் வரிசைக்குப் போன பால்மாவு

மதிப்பிற்குரிய வாசகரே, உங்களை நடுவராக இருக்கச் சொல்லவில்லை. நடுவர்களிடம் நான் பட்டது போதும். சாட்சியாக மட்டும் அமருங்கள்.

இடம், ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயைத் தாண்டிய ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. போக இடமில்லாத சில குடும்பங்கள் மட்டும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் தங்கிவிட்டன. அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஐரோப்பிய அறநிறுவனம் ஒன்று மாதந்தோறும் பால்மாவு அனுப்பத் தொடங்கியிருந்தது. வழங்கும் பொறுப்பை ஈப்போவிலுள்ள எங்கள் சங்கம் ஏற்றது. ஏற்றதும் முதல் வேலையாகத் தோட்டத்து மண்டபத்தில் மேடை போட்டது.

நம்மவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிறப்பு விருந்தினரின் கை படாமல் ஒரு பென்சிலைக்கூட நாம் யாருக்கும் கொடுப்பதில்லை. விருந்தினர், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர், கிளம்பிவிட்டார் என்ற செய்தி காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதுவரை கூட்டத்தை உட்காரவைக்க ஒரு சொற்போர். தலைப்பு: ‘வெளிநாட்டு உதவி பசித்த குழந்தையைச் சென்றடைகிறது.’ ஒட்டிப் பேசும் அணிக்கு நான் தலைவன். வெட்டிப் பேசும் அணிக்கு என் பல்கலைக்கழகத் தோழி, ஈப்போவின் புந்தோங் பகுதிக்காரி. பால்மாவு டின்கள் எங்களுக்குப் பின்னால் கோபுரமாக அடுக்கப்பட்டு, சிவப்பு ரிப்பனுக்குள் பத்திரமாக இருந்தன.

என் உரையைப் பற்றி அடக்கமாகச் சொல்வதானால், அது சிறப்பாக இருந்தது. வறண்ட ஆறுகளையும், விலா எலும்பு தெரியும் பிள்ளைகளையும், கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கோதுமையையும் அவையின் கண்முன் நிறுத்தினேன். ‘பஞ்சம்’ என்ற சொல்லில் குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று முறையாகப் பயின்றவன் நான். மண்டபமே கைதட்டியது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அழும் கைக்குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் அவர் என்னிடம் வந்தார். கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சட்டை போட்டிருந்தார்.

“தம்பி, நல்லாப் பேசுறீங்க. ஒரு டின் குடுத்தா நான் கிளம்பிருவேன். ஷிப்ட்டுக்கு வேன் வந்துரும். வீட்ல மாவு தீந்துருச்சு. கட்டிப்பாலத் தண்ணியாக் கரைச்சுக் குடுக்கிறேன், புள்ளைக்கு வயித்தால போவுது.”

நான் சங்கத்தின் பொருளாளரைப் பார்த்தேன்.

“டத்தோ வரட்டும் லா,” என்றார் அவர். “மொத டின்ன அவருதான் குடுக்கணும். போட்டோ இல்லன்னா அனுப்புன வெள்ளைக்காரன் நம்புவானா?”

“வேன் நிக்காது அண்ணே. இன்னிக்குப் போகலன்னா சம்பளத்துல புடிப்பான்.”

“உக்காருங்க அக்கா. சிக்னல்ல இருக்காராம்.”

அதற்குள் என் தோழியின் முறை வந்துவிட்டது. “நடுவர்களே, எதிரணித் தலைவர் ஆப்பிரிக்காவரை போனார். நான் மூன்றாம் வரிசைக்கு அப்பால் போகப்போவதில்லை,” என்று தொடங்கி, அந்தப் பெண்ணும் பொருளாளரும் பேசியதை அப்படியே அவையில் வைத்தாள். சிரித்த கூட்டம் மெல்ல அடங்கியது. திரும்பி வந்து என் காதில் சொன்னாள்: “வேன் வந்துச்சுன்னா நீ அவுட்டு மச்சான்.”

என் தரப்பு எவ்வளவு வலுவானது என்று பாருங்கள். அந்த மாவு கடல்களைக் கடந்திருந்தது, கிள்ளான் துறைமுகத்துச் சுங்கத்தைக் கடந்திருந்தது, நெடுஞ்சாலையைக் கடந்திருந்தது. பாக்கியிருந்தது மேடைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இடையிலான தூரம் மட்டுமே.

தொகுப்புரைக்கு எழுந்தேன். வாயைத் திறக்கும்போது வெளியே ஹாரன் கேட்டது. அந்தப் பெண் எழுந்துவிட்டார். நான் மனப்பாடம் செய்திருந்த முடிவுரை, அதுவரை எழுதியவற்றுள் மிகச் சிறந்தது. இன்றுவரை யாரும் கேட்டதில்லை. “இதோ என் இறுதிச் சான்று!” என்று முழங்கி, கோபுர உச்சியிலிருந்து ஒரு டின்னை உருவிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன்.

“ஏய் தம்பி! ரிப்பன் வெட்டல லா!” என்று பொருளாளர் கத்தினார்.

அந்தப் பெண் நான் நீட்டிய டின்னையும் குழந்தையையும் அருகில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினார். “மிச்சத்தப் பேசி முடிங்க தம்பி!” என்ற குரல் மட்டும் வாசலில் கேட்டது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். உரையின் நடுவே பேச்சாளர் மேடையை விட்டு நீங்கியதும், மேடைப் பொருளை அப்புறப்படுத்தியதும் விதிமீறல் என்று மதிப்பெண் வெட்டினார்கள். வெளிநாட்டு உதவி பசித்த குழந்தையைச் சென்றடைவதில்லை என்று தீர்ப்பாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்கவில்லை. பால் கரைக்கச் சுடுநீர் தேடிப் போயிருந்தார்.

பிறகு டத்தோ வந்தார். ரிப்பன் வெட்டினார், கொடுத்தார், சிரித்தார். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பொருளாளர் என்னிடம் வந்தார். “ஒரு டின்னுக்குப் போட்டோ இல்ல. அடுத்த மாசம் அந்த அக்காவ லீவு போட்டுட்டு வரச் சொல்லு. டத்தோ கையால வாங்குனாத்தான் இனிமே மாவு.”

ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படவில்லை. அதை எடுத்து, மண்டபத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும் கேட்கச் சொன்னேன்:

“அவங்க லீவு போட வேணாம்ணே. மாவு வந்த அன்னிக்கே, வேன் வர்றதுக்கு முன்னாடி, நானே வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுக்கிறேன். டத்தோவுக்கு வேணும்னா என் மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்து வரட்டும்.”