என் விரலுக்கேற்ற உகுலேலே

மகனோடு போய், பெரம்பலூர் இசைக்கருவிக் கடையில் உகுலேலே கேட்டேன். கிட்டார் போல, நாலே நரம்புள்ள சின்ன வாத்தியம். கடைக்காரர் இருப்பதிலேயே சிறிய சோப்ரானோவை எடுத்து, "பேத்திக்காம்மா?" என்றார்.

"எனக்குத்தான்."

களை வெட்டிக் காய்த்த என் விரல் ஒரே நேரத்தில் இரண்டு நரம்பை அமுக்கியது. மகன் சிரித்தான். "ஒனக்கு ஒத்துவராதும்மா, வா போவோம்."

"வளையல் ஏறலன்னா கையையாடா வெட்டிக்குவாங்க? அடுத்த அளவக் காட்டுங்க சார்."

அடுத்த அளவான கன்சர்ட்டும் நெருக்கியது. அதைவிடப் பெரிய டெனாரில் விரல் சரியாக உட்கார்ந்தது.

"மூணுக்கும் சுருதி ஒண்ணுதாம்மா. ஜி, சி, இ, ஏ" என்று கடைக்காரர் திருகாணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தார்.

அதைக் கலைக்கச் சொன்னேன். சுருதி பார்க்கும் கருவியில் பச்சை விளக்கு எரியும் வரை, நாலு நரம்பையும் நானே சேர்த்தேன். ஊருக்குப் போகும் பஸ் போய்விட்டது. மகன் கடை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

அவன் எனக்காகக் காத்திருந்த முதல் நாள் அதுதான்.