ஏழு பேர் சேர்ந்த வகுப்பு

"...அப்படின்னா அந்தக் க்ளாசு நடக்குமா நடக்காதாங்கறது ஒங்களுக்கே தெரியாது, அப்படித்தானுங்ளே?"

குமாரபாளையத்தில் தன் வீட்டு வாசலில் நின்று அந்த அம்மா கேட்டார். மகளை எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்த்திருந்தவர். நான் வந்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தார். அந்தத் தெருவில் ஒரு தறி நின்றால் சத்தம் குறைந்துவிடாது, பக்கத்து வீட்டுத் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதனால் அவர் கத்தித்தான் கேட்டார். "ஆமாங்க, தெரியாதுங்க" என்று நானும் கத்தித்தான் சொன்னேன். வெட்கப்பட வேண்டிய ஒரு பதிலைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வது போன்ற சங்கடம் வேறில்லை. மகள் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் வாத்தியார் இல்லை. எட்டாவதோடு நின்று, லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஓட்டி, கடன்பட்டு ஒரு வண்டி வாங்கி, அது இரண்டாகி நாலானவன். படித்ததெல்லாம் லோடுக்குக் காத்துக் கிடந்த நேரங்களில். வண்டிக்கு அடியில் நிழலில் படுத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதைவிட அதிகம் படித்தது மனிதர்கள் வாயிலிருந்து. யாராவது ஒன்றை எடுப்பாகச் சொல்லிவிட்டால் நாலு நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிவேன். வீட்டில் திட்டுவார்கள்.

லாரிக்காரர், போர் போடும் ரிக் வண்டிக்காரர், கோழிப்பண்ணைக்காரர், தறிக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டு, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காட்டை வாங்கிக் கலை அறிவியல் கல்லூரி கட்டினோம். எங்களில் கல்லூரிக்குப் போனவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் முடிக்கவில்லை. அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் தராது. வாத்தியார் சம்பளம், பஸ் டீசல், கட்டடக் கடனுக்கு வட்டி எல்லாம் பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்துதான். அந்தப் பணமோ பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்புக்குக் காசு வந்தால் வரும், குமாரபாளையத்தில் துண்டுக்கு பில் பாஸானால் வரும். எங்கள் பங்காளிகளில் ரிக் வண்டிக்காரர் ஒருவர் சொல்வார்: "போர் போடறப்பத் தண்ணி வாரவரைக்கும் எல்லாரும் ஜோசியக்காரனுங்கதான். நம்ம காலேஜும் அப்படித்தான் மச்சான். ஜூன் மாசம் பொறந்தாத்தான் ஈரமா புழுதியான்னு தெரியும்."

அந்த ஈரத்துக்காக மே மாதம் முழுக்க வாத்தியார்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். கேன்வாஸ் என்போம். ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று பேச்சு. தமிழ்த் துறைக்குத் தலைவராக இருக்கும் அம்மா, தமிழம்மா என்போம், முனைவர் பட்டம் வாங்கியவர், என் காரில் ஏறும்போதே சொன்னார்: "மே மாசம் நாங்க வாத்தியாருங்க இல்லீங்கய்யா. இன்சூரன்ஸ் ஏஜெண்டுங்க. ஊட்டுக்காரங்க எங்களப் பாத்தாவே டிவி சத்தத்தக் கூட்டி வெக்கறாங்க."

அப்படித்தான் அந்தத் தறி வீட்டுக்கும் போனோம். பிள்ளை பிளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க். தமிழ்தான் படிப்பேன் என்று நின்றாள். அரசுக் கல்லூரியிலும் விண்ணப்பம் போட்டிருந்தாள், கூப்பிட்டும் விட்டார்கள். ஆனால் அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். சாயந்திரம் திரும்ப இருட்டிவிடும் என்று தாய்க்குப் பயம். எங்கள் கல்லூரி பஸ்ஸோ அவர்கள் தெருமுனையிலேயே நிற்கும். பணம் கட்ட வேண்டுமே என்றார். தவணையாகக் கட்டுங்கள் என்றேன். அப்போது அவர் வேறொன்று கேட்டார்: "சர்டிபிகேட்டு ஒங்ககிட்டக் குடுத்துப் போட்டா அப்பறம் திரும்ப வாங்கறதுக்கு நடையா நடக்கோணும்னு சொல்றாங்களேங்க?"

அது உண்மைதான். சேரும்போதே டி.சி., மார்க் ஷீட்டு, சாதிச் சான்று எல்லாவற்றையும் அசலாக வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவது எங்கள் கல்லூரி வழக்கம். வேறு இடம் கிடைத்தாலும் பிள்ளை போக முடியாது. "அப்படி ஒரு நெலம வந்தா நானே கொண்டாந்து ஒங்க கையில குடுக்கறேன் அம்மிணி" என்று சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன். அவர் சான்றுகள் இருந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அரசுக் கல்லூரி அழைப்புக்கு அவர்கள் போகவில்லை.

ஜூனில் பங்காளிகள் கூட்டம். தலைவர் கோழிப்பண்ணைக்காரர். யார் வீட்டுக் காரியமானாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிற மனிதர். கணக்கு என்று உட்கார்ந்தால் மட்டும் முகம் வேறாகிவிடும். மேஜை மேல் போண்டா ஆறிக்கொண்டிருந்தது.

"ஏழே பேரு சேந்திருக்காங்க தமிழுக்கு" என்றார். "ஏழு பேருக்கு நாலு வாத்தியாரு. என் பண்ணையில ஏழு கோழிக்கு நாலு ஆள் வெச்சா என்னையத்தான் மொதல்ல வித்துப் போடோணும். மூடிருங்க. அந்த ரூம்புல கம்ப்யூட்டரப் போட்டு ஏஐ கோர்ஸ் ஆரம்பிக்கலாம்."

"ஏஐன்னா என்னங் மாமா?" என்றார் ரிக் வண்டிக்காரர்.

"அது எனக்கெதுக்கு? கேக்கறாங்க, குடுக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வாசலும் மஞ்சள் பையும் கண்ணுக்குள் வந்து நின்றன. சிரிப்பு வரவில்லை.

எங்கள் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது, அது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். லாரித் தொழிலில் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கணக்கு. எந்த வண்டி சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று அப்போதுதான் தெரியும். கல்லூரிக்கும் அதே மாதிரி துறைக்கொரு கணக்குப் போடச் சொல்லியிருந்தோம். எழுதுகிறவரும் லாரி ஆபீசிலிருந்து வந்தவர்தான். அந்தக் கணக்கில் பி.காமும் கம்ப்யூட்டரும் ஓடுகிற வண்டிகள், தமிழ் வருசா வருசம் நஷ்டம். ஆனால் பி.காம் பிள்ளையும் கம்ப்யூட்டர் பிள்ளையும் முதல் இரண்டு வருசம் மொழிப்பாடமாகத் தமிழ் படித்தாக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது இந்த நாலு பேர்தான். பிள்ளைகள் கட்டும் பணம் அந்தத் துறைகளின் வரவில், வாத்தியார்கள் சம்பளம் மட்டும் தமிழின் செலவில். கேன்வாஸ் போன வழியில் அந்தத் தமிழம்மா சொல்லித்தான் எனக்கே இது விளங்கியது.

கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும் கல்லூரி முதல்வர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "நான் போன வருசமே இதச் சொன்னேங்க."

"நீங்க இங்கிலீசுல சொன்னீங்க சார்" என்றார் தலைவர். பிறகு என்னிடம் திரும்பி, "சரி மச்சான், மொழிப்பாடத்துக்கு வேணுமுன்னா நாலு பேரும் இருக்கட்டும். க்ளாச மட்டும் மூடிருவோம்."

என் வாயாலேயே நான் கெடுத்துவிட்டேன். அப்புறம்தான் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே பேசினேன். "சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூர் போற வண்டி, எறக்கிப் போட்டுக் காலியாவா வருது? பாதி வாடகைக்குச் சரக்கு கெடச்சாலும் ஏத்திக்கிட்டுத்தான வாரோம்? வண்டி எப்படியும் ஊருக்கு வந்தாகோணும், டீசல் எப்படியும் எரியோணும். அந்த நாலு பேருக்குச் சம்பளம் எப்படியும் குடுக்கறோம். இந்த ஏழு புள்ளைங்க கட்டறது ரிட்டர்ன் லோடு மாமா. ஒரு ரூம்பு, ரெண்டு ஃபேனு, அவ்வளவுதான் நமக்குச் செலவு."

போண்டாவை எடுத்தவர்கள் எடுத்தபடி இருந்தார்கள். லாரிக்காரர் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலைவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ரிட்டர்ன் லோடுக்கு எத்தன நாள் காத்துக் கெடப்ப மச்சான்?"

"ரெண்டு நாளு. மிஞ்சிப் போனா மூணு."

"அப்பறம்?"

"காலியா வந்துருவேன்."

"நீயே சொல்லிட்ட. திங்கக்கெழம காலேஜு தொறக்குது. அதுக்குள்ள பத்துப் பேரு ஆச்சுன்னா ஓட்டிக்கலாம். இல்லீன்னா ஏழு பேரையும் பி.காமுக்கு மாத்தி உட்ருங்க."

பி.காமுக்குக் கட்டணம் அதிகம். அந்தத் தறி வீட்டால் முடியாது. முடிந்தாலும் அந்தப் பிள்ளை கேட்டது அதை இல்லை.

அந்த வாரம் முழுக்க அலைந்தேன். மூன்று பிள்ளைகள் கிடைத்தால் போதும் என்று தமிழம்மாவைக் கூட்டிக்கொண்டு மேச்சேரி வரைக்கும் போனேன். ஆட்டுப்பட்டியில் நின்ற ஒருவர், "தமிழு தெரியாமையா இத்தன ஆட்டையும் பேரு சொல்லிக் கூப்புடறேன்? அதுக்கொரு காலேஜா, போங்க சாமி" என்று ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார், கனம் பார்க்கச் சொல்லி. இன்னொரு நாளாயிருந்தால் அந்தப் பேச்சை வீடு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஜேடர்பாளையத்தில் ஒரு தகப்பனார், "இதப் படிச்சா போலீசு வேலைக்காகுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். போன் அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று எடுத்தேன். டயர்க் கடைக்காரராக இருந்தது.

வியாழக்கிழமை பேப்பரில் பார்த்தேன். அரசுக் கல்லூரியில் மீதமிருக்கும் இடங்களுக்குச் சேர்க்கை மறுநாளோடு முடிகிறது. தமிழிலும் இடம் இருந்தது. மற்ற ஆறு பேருக்கும் வேறு வழி இல்லை, அவர்கள் வேறெங்கும் விண்ணப்பமே போடவில்லை. இந்த ஒரு பிள்ளைக்குத்தான் இன்னொரு கதவு இன்னும் ஒரு நாள் திறந்திருக்கும். அவள் போனால் எங்களிடம் ஆறு. சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை அவளுக்கு இரண்டு கதவும் சாத்திப் போகலாம்.

கல்லூரிக்குப் போய்த் தமிழம்மாவிடம் சொன்னேன். மேஜை மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றினார். "ஆறுன்னு தெரிஞ்சா தலைவரு திங்கக்கெழம வரைக்குங்கூடப் பொறுக்க மாட்டாருங்கய்யா. கம்ப்யூட்டர எறக்கிருவாரு."

"நீங்க சொல்றபடி செய்யறேங்க."

"எங்கிட்ட ஏங்கய்யா அதக் கேக்கறீங்க?" என்று சட்டென்று கோபப்பட்டார். "இந்தத் துறையில வந்து சேந்தப்ப எனக்கு நரைகூட இல்ல. போகட்டும் உடுங்கன்னு என் வாயில வருமா?" எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன், பெரிய தப்புச் செய்த பையனைப் போல. கொஞ்ச நேரம் கழித்து ஆபீசிலிருந்து திரும்பி வந்தார். கையில் பழுப்புக் கவர். "தொறைத் தலைவர் கையெழுத்து இல்லாம பீரோவத் தொறக்க மாட்டாங்க. போட்டுட்டேன். சீக்கிரமாக் கொண்டுபோயிக் குடுங்க, எம்மனசு மாறறதுக்குள்ள."

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கவரோடுதான் தறி வீட்டு வாசலில் நின்றேன். பத்துப் பேர் வேண்டும், ஏழுதான் இருக்கிறது, மீதி மூன்று வருமா என்பது எனக்குத் தெரியாது, அரசுக் கல்லூரியில் இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். அதற்குத்தான் அவர் க்ளாசு நடக்குமா நடக்காதா என்று கேட்டார். தெரியாது என்று நானும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினார். கவரைக் கொடுத்தேன். டி.சி., மார்க் ஷீட்டு, சாதிச் சான்று என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மகளிடம் காட்டினார். அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் என்னைப் பார்த்து, "மிஸ்ஸுக்குத் தெரியுமுங்களா?" என்றாள். அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க சாமி என்றேன். அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று தெரிந்து நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

"தலையச் சீவிக்கிட்டு வா கண்ணு" என்றார் தாய். முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்துத் தறிக்காரம்மாவிடம் கொடுத்தார். "ரெண்டு பஸ்ஸு மாறிப் போனா நேரமாயிருமுங்க" என்று நேராக என் காருக்குப் போனார். மகளைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, முன் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த எங்கள் கல்லூரி நோட்டீஸ் கட்டை எடுத்து மகள் மடியில் போட்டுவிட்டு, கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.