கிணற்றில் நல்ல தண்ணி இல்லை

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணி. அது கழுவ, துவைக்க. மாப்பிள்ளையூரணிப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயோடு வருவது நல்ல தண்ணி. அது குடிக்க, சமைக்க. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த வித்தியாசம் முனிசிபாலிட்டி ஆபீசில் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்ன, தெரிந்தேதான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளில், புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் கடலில் சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு தடவை ஆழத்தில் முங்கி ஏறியபோது வலது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. அந்தக் காது போனது போனதுதான். இனி முங்கினால் இடது காதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குச் சாப்பாட்டுக் கடை யோசனை வந்தது. துறைமுக ரோட்டில் ஒரு ஓட்டுக் கட்டடம் வாடகைக்குக் கிடைத்தது. அடுத்த சங்கு சீசனுக்குள் கடையைத் திறந்துவிட்டால் மனுஷன் கல்லாவில் உட்கார்ந்துவிடுவார், கடல் பக்கம் போகமாட்டார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுப்பு மூட்டினால் கடை ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். முதலில் லைசென்ஸ் வாங்கு என்றார்கள். லைசென்ஸுக்குப் புகைக்கூண்டு கூரைக்கு மேலே ஏற வேண்டும். ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும். சமைக்கிற ஆளுக்கு, அதாவது எனக்கு, தொற்றுநோய் இல்லை என்று ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். அம்மை குத்திய தழும்பைக் காட்டுவதற்காக ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். சீனி பெர்மிட் கேட்டுப் போனால், லைசென்ஸ் எங்கே என்றார்கள். ஊரார் வயிற்றுக்குள் போகிற சோறு, நாலையும் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை.

மனுவில் கடையின் தண்ணீர் வசதி பற்றி ஒரு கேள்வி இருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். உள்ளதை உள்ளபடி எழுதினேன். ‘கிணற்றில் நல்ல தண்ணி இல்லை. வண்டியில் வாங்கிக்கொள்வோம்.’

சானிட்டரி இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரலை வைத்தார். “நல்ல தண்ணி இல்லைன்னு நீயே எழுதியிருக்க. கெட்ட தண்ணியில கடை நடத்த எப்படிம்மா உத்தரவு குடுக்க?”

“கெட்ட தண்ணி இல்ல சார், உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வண்டியில வருது. உங்க மேசையில இருக்கதும் வண்டித் தண்ணிதான? அதைத்தான நீங்களும் குடிக்கிய?”

சிரித்தார். “எனக்குத் தெரியும்மா. மேல உள்ளவங்களுக்குத் தெரியணும்லா? எழுத்துல அப்படி இருக்கு.”

“அப்ப மாத்தி எழுதித் தாரேன்.”

“குடுத்த மனுவை மாத்த முடியாது. புதுசாப் போடணும். சான்றும் புதுசா வாங்கிட்டு வா.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் பூசாரி கிடையாது. அந்த ஆபீசில் இருந்தார். மறுபடியும் ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் லீவு. அவர் வந்தபோது ஆபீஸ் சீல் மாறிவிட்டது என்றார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டரே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘கிணற்றில் நல்ல தண்ணீர் உள்ளது.’ முழுப் பொய். அதை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குள் சங்கு சீசன் தொடங்கிவிட்டது.

“ஏளா, அடுப்பு எரியாத கடையில நான் என்னத்தைக் காவல் காக்க? கொஞ்ச நாளு போயிட்டு வாரேன்” என்றார் என் வீட்டுக்காரர். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அழுதும் பார்த்தேன். “லைசென்ஸு வந்த அன்னிக்கு நிறுத்திருதேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைசென்ஸ் வந்த அன்றைக்கும் அவர் கடலில்தான் இருந்தார். சாயங்காலம் கரைக்கு ஓடினேன். வள்ளத்திலிருந்து இறங்கி வந்தவரிடம், “லைசென்ஸு வந்துட்டு!” என்று கத்தினேன். இடது காதில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். “என்னளா?” என்றார். திரும்பவும் கத்தினேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடை திறந்த புதிதில் ஒரு மத்தியானம் அந்த இன்ஸ்பெக்டர் சாப்பிட வந்தார். நல்ல வெயில். முன் பெஞ்சில் உட்கார்ந்து, கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணாச்சி, முதல்ல கொஞ்சம் நல்ல தண்ணி குடுங்க. உப்புத் தண்ணியை ஊத்திராதீங்க.”

இவர் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை உரக்கக் கேட்டார். இவர் நிமிரவேயில்லை.

“அவங்களுக்குக் கேக்காது சார்” என்றேன்.

“ஏன், காதுல என்ன?”

“எழுத்துல வேணுமா சார்?” என்று கேட்டுவிட்டு, வண்டித் தண்ணியை டம்ளர் நிறைய மொண்டு அவர் முன்னால் வைத்தேன்.